சிறுநீரகம்: கேள்வி பதில்

என் அண்ணனுக்கும் அவரோடு வேலை பார்ப்பவருக்கும் மெம்பரேனஸ் நெஃப்ரோபதி. வேலை பார்ப்பவருக்கு, ஆன்டிபாடி உருவாவதைத் தடுக்கும் ரிடுக்ஸிமாப் ஊசி போட்டார்கள். அண்ணனுக்கோ, வெகுநாளாகச் சாப்பிடும் செந்தூரத்தை நிறுத்தச் சொல்லி, பிரஷர் மாத்திரை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அண்ணனுக்கு மட்டும் ஏன் ஊசி இல்லை?
வாசகி, தஞ்சாவூர்

நோயின் பெயர்தான் ஒன்று. சிறுநீரக வடிகட்டியின் சவ்வில் ஆன்டிபாடி படிந்து புரதம் ஒழுகுவது இருவருக்கும் பொது. அந்த ஆன்டிபாடி எதைக் குறிவைக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

2009இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் பி.எல்.ஏ.2.ஆர். என்ற புரதம்தான் ஓர் இலக்கு என்று அடையாளம் கண்டார்கள். வேறு நோயின் விளைவாக அல்லாமல் தானாக வரும் மெம்பரேனஸில் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இதுதான். இதைத் தாக்கும் ஆன்டிபாடியை ரத்தத்திலேயே அளக்கலாம்: எலைசா என்ற ரத்தச் சோதனையில் 20 யூனிட்டும் அதற்கு மேலும் பாசிட்டிவ், 14க்குக் கீழே நெகட்டிவ். ஊசி போட்டபின் முதலில் இறங்குவது இந்த எண். புரதம் குறையச் சில மாதங்கள் பிடிக்கும். அதற்குள் 'ஊசி கேட்கவில்லை' என்று மருந்தை மாற்றுவது அவசரக் குடுக்கைத்தனம். ஊசிக்கு முன் ஹெபடைடிஸ் பி சோதனை கட்டாயம். விட்டுவிட்டால் உறங்கிக் கிடந்த வைரஸ் கிளம்பிவிடும்.

உங்கள் அண்ணனுடையது, நெல்-1 (NELL-1) என்ற வேறொரு புரதம் இலக்காகும் வகையாக இருக்கலாம். பயாப்சியில், அதாவது ஊசியால் சிறுநீரகத்திலிருந்து எடுக்கும் சிறு துண்டில், சாயமேற்றினால் தெரியும். சென்னை மருத்துவர்கள் அமெரிக்க மருத்துவர்களோடு சேர்ந்து செய்து 2022இல் வெளிவந்த ஆய்வு, பாதரசம் கலந்த பாரம்பரிய மருந்துகளை இந்த வகையோடு தொடர்புபடுத்தியது. அவற்றை நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்குப் புரத ஒழுக்கு கட்டுக்குள் வந்தது. அண்ணனுக்கு ஊசி போடாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கேரளத்தில் சிவப்பழகு க்ரீம்களும் இப்படி மாட்டின. வீட்டில் அப்படி டப்பா இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நெல்-1 சிலருக்குப் புற்றுநோயோடும் சேர்ந்து வரும் என்பதால், செந்தூரத்தை நிறுத்தியதோடு விடாமல் அதற்கான சோதனைகளையும் கேளுங்கள்.

பயாப்சியின்போது ஆராய்ச்சிக்காகக் கூடுதல் துண்டு கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
வாசகர், டாலஸ்

அமெரிக்க அரசு நிதியில் 2017இல் தொடங்கிய கிட்னி பிரிசிஷன் மெடிசின் புராஜெக்ட் இப்படித்தான் திசு சேகரிக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, 4 லட்சத்துக்கும் அதிகமான செல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த வரைபடம் 2023இல் வெளிவந்தது. நோயுற்ற செல்லில் எந்த ஜீன் விழித்திருக்கிறது என்று பார்ப்பதே நோக்கம்.

முதல் துண்டுகள் உங்கள் சிகிச்சைக்குத்தான் போக வேண்டும். ஒரு பகுதி ஃபார்மலினில், ஒன்று, படிந்த ஆன்டிபாடியை ஒளிரவைத்துக் காட்டும் ஃப்ளோரசன்ஸ் சோதனைக்கான தனித் திரவத்தில், ஒன்று எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கான குளூட்டரால்டிஹைடில். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் வழக்கமான ஃப்ளோரசன்ஸ் எடுபடாது. பயாப்சி ஊசி ஆழமாகச் சிறுநீரகத்தின் உள்பகுதிக்குப் போய்விட்டால் துண்டில் வடிகட்டியே இருக்காது. ஆராய்ச்சித் துண்டு இன்னும் செல்லம்: எந்த ஜீன் விழித்திருக்கிறது என்று காட்டும் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும் என்பதால் படுக்கையருகிலேயே உறையவைக்க வேண்டும்.

ஒவ்வொரு கூடுதல் குத்துக்கும் ரத்தக் கசிவு வாய்ப்பு கூடும். எத்தனை குத்து, ஆஸ்பிரினை எத்தனை நாள் முன் நிறுத்துவது, கசிந்தால் யார் பொறுப்பு என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். பலன் பெரும்பாலும் பிறகு வரும் நோயாளிகளுக்கே. மனமிருந்தால் கொடுங்கள், இல்லையென்றாலும் உங்கள் சிகிச்சை குறையாது.

ஜீன் சோதனை எடுத்தால் எனக்கேற்ற மருந்து தெரிந்துவிடுமா?
வாசகர், சேலம்

எல்லோருக்கும் தெரியாது. விளம்பரத்தில் அடிபடும் ஏ.பி.ஓ.எல்.1 என்ற ஜீனின் மாற்றங்கள் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படுபவை. அதைத் தேடிச் செலவழிக்க வேண்டாம். நெஃப்ராடிக், அதாவது சிறுநீரில் புரதம் அதிகமாக ஒழுகும் நோய், ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாத குழந்தைக்கு மட்டும் ஜீன் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கோளாறு ஜீனில் என்று தெரிந்தால், பலன் தராத ஸ்டீராய்டை உடனே குறைத்து நிறுத்த மருத்துவரால் முடியும்.