பீரோ அடுக்குறேன்னு சொல்லி எடுத்த நோட்டு

கேள்வி: அக்கா, நான் ஃபேஷன் டிசைன் ஃபைனல் இயர் படிக்கிறேன். எங்க யுனிவர்சிட்டில ஸ்டூடண்ட்ஸோட ரிசர்ச், கிரியேட்டிவ் வொர்க் எல்லாத்தையும் சேர்த்து வருஷா வருஷம் ஒரு ஷோகேஸ் நடத்துவாங்க, இந்த தடவை என்னோடதும் செலக்ட் ஆயிருக்கு. ரெடிமேட் டிரஸ்ஸோட சைஸ் சார்ட்டுக்கும் நிஜமான பொம்பளைங்க உடம்பு அளவுக்கும் எவ்ளோ வித்தியாசம் இருக்குங்கறதுதான் டாபிக். எங்க அம்மா வீட்லயே மெஷின் போட்டு தைக்கிறவங்க, அவங்களோட அளவு நோட்டுதான் எனக்கு டேட்டா, பீரோவை அடுக்கித் தர்றேன்னு சொல்லி பழைய நோட்டெல்லாம் எடுத்துட்டு வந்துட்டேன், அம்மாவுக்கு ரிசர்ச் எல்லாம் புரியாது. அந்த நோட்டுப் பக்கங்களையே ஒட்டி ஒரு கவுன் மாதிரி செஞ்சு போஸ்டர் பக்கத்துல நிறுத்தலாம்னு பிளான். பிரச்சனை என்னன்னா ஜட்ஜஸ் முன்னாடி மூணு நிமிஷம் பேசணும், அப்புறம் போஸ்டர் பக்கத்துல நின்னு வர்றவங்களுக்கெல்லாம் பதில் சொல்லணும். நினைச்சாலே கை நடுங்குது. ஏதாவது குடைஞ்சு கேட்டா என்ன பண்றதுன்னு தூக்கமே வரல. பேசாம பேரை வித்ட்ரா பண்ணிடட்டுமா?

பதில்: மேடை பயம்னு எனக்கு வராத லெட்டர் இல்லம்மா. எல்லாரும் எதிர்பார்க்குற பதில் எனக்கும் தெரியும், நல்லா மூச்சை இழுத்து விடு, கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப்பாரு, எல்லாம் சரியாயிடும்னு. அதை உனக்கு நான் சொல்லப் போறதில்ல. உன் லெட்டர்ல நான் நின்ன இடம் வேற. 'பீரோவை அடுக்கித் தர்றேன்னு சொல்லி' எடுத்துட்டு வந்தேன்னு எழுதியிருக்க பாரு, அங்கதான். கமா போட்டு நீ பாட்டுக்கு அடுத்த விஷயத்துக்குப் போயிட்ட. என்னால போக முடியல.

பெத்தவகிட்ட பொய் சொல்லி அவ தொழில் நோட்டை எடுத்துட்டு வந்திருக்க. கூடவே ஒரு காரணமும் வச்சிருக்க, அம்மாவுக்குப் புரியாதுன்னு. சரி, ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு. அந்த நோட்டுல ஒரு பக்கத்துல மார்பு 36-ன்னு எழுதியிருக்குன்னு வை. அது உடம்பு மேல டேப் வச்சு எடுத்த அளவா, இல்ல அந்தம்மா அளவுக்குன்னு குடுத்துட்டுப் போன பழைய டிரஸ்ஸை விரிச்சுப் போட்டு எடுத்த அளவா? உடம்புல எடுத்ததுன்னா லூஸ் சேர்க்காம எழுதினதா, சேர்த்து எழுதினதா? தைக்கிறவங்க நோட்டுல இது மூணுமே கலந்துதான் கிடக்கும், ஏன்னா அது அவங்க ஞாபகத்துக்காக எழுதுறது, உன் எக்ஸெல் ஷீட்டுக்காக எழுதினது இல்ல. தைச்ச டிரஸ்ஸோட அளவு பெரும்பாலும் உடம்பு அளவை விட கூட இருக்கும், மூச்சு விடணும் கையைத் தூக்கணும் இல்லையா. கடைக்காரங்க போடுற சைஸ் சார்ட்லயும் இதே குழப்பம் உண்டு, சிலது உடம்பு அளவு, சிலது துணியோட அளவு. நீ எதை எதோட ஒப்பிட்டிருக்க? துணி அளவை உடம்பு அளவுன்னு நினைச்சு கணக்கு போட்டிருந்தா நீ கண்டுபிடிச்ச வித்தியாசம் மொத்தமும் தைக்கும்போது விட்ட லூஸாவே இருக்கலாம்.

இதுக்கு பதில் தெரிஞ்ச ஒரே ஆள் உங்க அம்மா. ஒரு அளவுக்குப் பக்கத்துல பென்சில்ல சின்னதா ஒரு கோடு சாய்ச்சு போட்டிருப்பாங்க, அது தோள் ஒரு பக்கம் இறக்கம்னு அர்த்தமா இருக்கலாம், இல்ல இந்தம்மாவுக்கு எப்பவும் கை டைட்டா வேணும்ங்கறதா இருக்கலாம், அவங்களைத் தவிர வேற யாராலயும் அதைப் படிக்க முடியாது. அப்படிப்பட்ட மனுஷியைத்தான் ரிசர்ச் புரியாதவங்கன்னு ஓரமா உக்கார வச்சிருக்க. குடைஞ்சு கேட்டா என்ன பண்றதுன்னு உனக்கு தூக்கம் வரலன்னா அது மைக்கைப் பாத்து வர்ற பயம்னு எனக்குத் தோணல. இந்த அளவெல்லாம் எப்படி எடுத்தீங்கன்னு ஒரு ஜட்ஜ் கேட்டா உன்கிட்ட பதில் இல்ல, அது உனக்கே உள்ளுக்குள்ள தெரியும். நிச்சயமா கேப்பாங்க, டேட்டா எங்கேர்ந்து வந்துச்சு எப்படி எடுத்ததுங்கறதுதான் போஸ்டர் முன்னாடி வந்து நிக்கிற விவரமானவங்க முதல்ல கேக்குற விஷயம்.

இதைவிடப் பெருசு ஒண்ணு இருக்கு, நீ யோசிச்சிருக்கவே மாட்ட. அந்த நோட்டுல இருக்கறது யாரோட அளவு? உங்க அம்மாவை நம்பி, கதவைச் சாத்திட்டு, துப்பட்டாவைக் கழட்டி வச்சுட்டு நின்ன பொம்பளைங்களோட அளவு. பேரு எழுதியிருக்கும், போன் நம்பர் எழுதியிருக்கும், நிறைமாசம் அதனால லூஸா வேணும்னு எழுதியிருக்கும், ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு பக்கம் மட்டும் பேட் வச்சு தைக்கணும்னு கூட எழுதியிருக்கலாம். புருஷனுக்குத் தெரியாத விஷயம் தைக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தப் பக்கத்தையெல்லாம் ஒட்டி கவுன் செஞ்சு நடு ஹால்ல நிறுத்துவியா? வர்றவன் போறவன் எல்லாம் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடுவான். அந்தக் கஸ்டமருங்கள்ல ஒருத்தரோட பொண்ணு உன் யுனிவர்சிட்டிலயே படிக்கலாம். அடுத்த மாசம் உங்க அம்மாவைத் தேடி ஒருத்தரும் துணி எடுத்துட்டு வரலன்னா அது ஏன்னு கூட அவங்களுக்குத் தெரியாது. உன்னைப் படிக்க வச்ச தொழில்மா அது.

பேரை மட்டும் கருப்பு மார்க்கர்ல அடிச்சுடறேன்னு சொல்லுவ. பேப்பரை வெளிச்சத்துல பிடிச்சா மார்க்கர் போட்ட பேர் தெரிஞ்சுடலாம், பேர் தெரியலன்னாலும் தெரிஞ்சவங்களுக்கு ஒரு குறிப்பு போதும் ஆளை அடையாளம் கண்டுபிடிக்க. மனுஷங்களை வச்சு பண்ற ஆராய்ச்சிக்கு அடிப்படை விதி என்னன்னு உனக்கு கிளாஸ்ல சொல்லாம இருக்க மாட்டாங்க. 1979-ல அமெரிக்காவுல வந்த பெல்மான்ட் அறிக்கை மூணு விஷயத்தை சொல்லுது, மனுஷனை மதி, நல்லது செய், நியாயமா நடந்துக்கோ, இதுல முதல் விஷயத்துல இருந்துதான் சம்மதம் வாங்கணும்ங்கற விதி வருது. விஷயம் என்னன்னு முழுசா சொல்லணும், கேட்டவங்க வேண்டாம்னு சொல்றதுக்கு வழி இருக்கணும். நீ உங்க அம்மாவுக்கு ரெண்டையுமே குடுக்கல. வெளி ஆளா இருந்திருந்தா ஃபார்ம் நீட்டி கையெழுத்து வாங்கியிருப்ப, அம்மாங்கறதால பீரோ சாவி கையில இருந்தாலே போதும்னு நினைச்சுட்ட. சொந்தக்காரங்ககிட்ட இன்னும் அதிகமாத்தான் கேட்டு செய்யணும், ஏன்னா அவங்க நம்மளை சந்தேகப்பட மாட்டாங்க. எத்தனையோ குடும்பத்துல பாத்துட்டேன், படிச்ச பிள்ளைங்க வீட்ல இருக்கறவங்க உழைப்பை எடுத்து பேர் வாங்கிட்டு, நன்றி சொல்ற இடத்துல 'என் குடும்பத்துக்கு'ன்னு ஒரு வார்த்தையோட முடிச்சுடறாங்க. எனக்கு அது பிடிக்காது, அது கடனை அடைக்காம ஒளிஞ்சுக்கறது. உன் ஆராய்ச்சிக்கு டேட்டா சேர்த்தது உங்க அம்மா. வருஷக்கணக்கா டேப்பைப் பிடிச்சு எழுதி வச்சது அவங்க கை. அவங்க சம்மதிச்சாங்கன்னா போஸ்டர்ல அளவு எடுத்தவங்க இன்னார்னு முழுப்பேர் போடு. பேர் போட்டா கஸ்டமருங்களுக்கு தெரிஞ்சுடும்னு அவங்க யோசிச்சாங்கன்னா எப்படி போடணும்னு அவங்க சொல்றபடி போடு.

இன்னிக்கு சாயந்திரம் போய் அம்மாகிட்ட உண்மையைச் சொல்லு. போன்ல இல்ல, நேர்ல, நோட்டுங்க மொத்தத்தையும் கையில எடுத்துட்டுப் போ. ஒரு பக்கத்தையாவது கிழிச்சிருந்தா அதையும் சொல்லு. கோவப்பட்டா குறுக்க பேசாத. நீ என்ன பண்ணியிருக்கங்கறதை அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லிக் காட்டு, மூணு நிமிஷப் பேச்சுக்கு அதைவிட நல்ல பிராக்டிஸ் கிடையாது. அவங்க நிறுத்தி நிறுத்தி கேள்வி கேக்கணும். இது உடம்பு அளவு இல்லடி துணி அளவுன்னு அவங்க சொல்ற ஒவ்வொரு இடத்தையும் குறிச்சுக்கோ, அந்த என்ட்ரியைத் தனியா பிரிச்சு வை, கணக்கைத் திரும்பப் போடு. ரிசல்ட் சின்னதாயிட்டா சின்னதாவே போகட்டும், இத்தனை அளவை இந்தக் காரணத்தால நீக்கிட்டேன்னு போஸ்டர்லயே எழுது. அப்புறம் உன் கைடுகிட்ட போய் நோட்டு எப்படி வந்துச்சுன்னு மறைக்காம சொல்லு, மனுஷங்களை வச்சு ஆராய்ச்சி பண்ண நீ வாங்கின அனுமதி, அதான் எதிக்ஸ் அப்ரூவல், அதுல இது அடங்குமான்னு கேளு. அடங்காதுன்னு சொன்னா அந்த டேட்டாவை மொத்தமா நீக்கணும், அழுது பிரயோஜனம் இல்ல.

கவுனுக்கு ஒரிஜினல் பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். உனக்கு அந்தக் கையெழுத்தோட அழகுதான் வேணும்னா அம்மாவையே உக்கார வச்சு உன்னோட அளவை எழுதச் சொல்லு, குழந்தையிலேர்ந்து இன்னிவரைக்கும் அவங்க உனக்கு தைச்சது எல்லாம் அவங்களுக்கு ஞாபகம் இருக்கும். உன் உடம்பு, உன் அளவு, யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. கலைன்னு பாத்தாலும் அடுத்தவங்க ரகசியத்தை ஒட்டி செஞ்சதைவிட அது எவ்வளவோ மேல்.

இப்ப அந்த மூணு நிமிஷம். இந்த மாதிரி மூணு நிமிஷத்துல ஆராய்ச்சியைச் சொல்ற போட்டியை 2008-ல ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து யுனிவர்சிட்டிலதான் ஆரம்பிச்சாங்க, அசையாத ஒரே ஒரு ஸ்லைடு, மூணு நிமிஷத்தைத் தாண்டினா டிஸ்குவாலிஃபை. உன் யுனிவர்சிட்டி விதி என்னன்னு பாத்துக்கோ, எதுவா இருந்தாலும் ஒரு வருஷ வேலை முழுசையும் அதுக்குள்ள அடைக்காத. ஒரு அளவை எடுத்துக்கோ, தோள்னா தோள் மட்டும், சார்ட் என்ன சொல்லுது, நிஜத்துல எப்படி இருக்கு, இவ்ளோதான். போஸ்டர் ஏ0 சைஸ்னா 841-க்கு 1189 மில்லிமீட்டர், ஸ்க்ரீன்ல பெருசா தெரியுற எழுத்து சுவத்துல மாட்டினா எறும்பு மாதிரி ஆயிடும், அதனால ஒரு மூலையை மட்டும் நிஜ அளவுல ஏ4-ல பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டி நாலடி தள்ளி நின்னு படிச்சுப் பாரு. வர்றவங்களுக்கு முதுகைக் காட்டிட்டு போஸ்டரைப் படிக்காத, ஓரமா நில்லு. தெரியாததைக் கேட்டா அதை நான் பாக்கலன்னு சொல்லு, கதை விடாத.

அப்புறம் அம்மாவை ஷோகேஸுக்குக் கூப்பிடு. அவங்க கூச்சப்பட்டு வரலன்னு சொன்னா அது அவங்க இஷ்டம், ஆனா கூப்பிட வேண்டியது உன் கடமை. வந்தாங்கன்னா மூலையில சேர் போட்டு உக்கார வைக்காத, போஸ்டர் பக்கத்துல நிறுத்து, அளவு எப்படி எடுத்தீங்கன்னு ஜட்ஜ் கேக்கும்போது இவங்கதான் எடுத்தாங்கன்னு சொல்லு, அவங்களுக்கு விருப்பம்னா அவங்களே பேசட்டும்.

வித்ட்ரா பண்ணிடட்டுமான்னு கேட்ட. பயந்துகிட்டு பண்ணாத. அம்மா வேண்டாம்னு சொன்னா, இல்ல கைடு டேட்டாவை நீக்குன்னு சொல்லி அதுக்கு மேல போஸ்டர்ல ஒண்ணும் மிஞ்சலன்னா, அப்ப பண்ணு. அவங்க ரெண்டு பேரும் பதில் சொல்ற வரைக்கும் ஃபைலை பிரிண்டுக்கு அனுப்பாத.