ப்ரீஆம்ப் இல்லாமல் டேக்கை நேராக ஆம்புக்குக் கொடுக்கலாமா?

காட்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கம்ப்யூட்டரிலிருந்து யூ.எஸ்.பி. வழியாக டேக்குக்கு (டி.ஏ.சி., டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலாக மாற்றும் பெட்டி) கொடுத்துப் பாட்டு கேட்கிறேன். பழைய மோனோ பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டி, ஸ்பீக்கருக்கு ஒன்று) இரண்டு கைக்கு வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் 100 வாட்; 1 வோல்ட் கொடுத்தால் முழு சத்தம். வால்யூம் குமிழ் கிடையாது. டேக்கின் அவுட்புட் 2 வோல்ட், அதிலேயே வால்யூம் இருக்கிறது. ப்ரீஆம்ப் (ஆம்புக்கு முன்னால் வால்யூமையும், எதிலிருந்து கேட்பது என்பதையும் கவனிக்கும் பெட்டி) இல்லாமல் மாட்டினால் ஸ்பீக்கர் போய்விடும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?"

மாட்டலாம். ஆனால் கடைக்காரர் சொல்வதையும் ஒதுக்கிவிட வேண்டாம்.

இசைத்தட்டு ஊசியிலிருந்து சில மில்லிவோல்ட்தான் வரும். அதைத் தூக்கிவிடத்தான் அந்தக் காலத்தில் ப்ரீஆம்ப் கட்டாயமாக இருந்தது. உங்கள் டேக்கோ ஆம்ப் கேட்பதைப்போல் இரண்டு மடங்கு தருகிறது. சத்தம் போதாமல் போகாது, மிஞ்சிப்போவதுதான் சிக்கல்.

கொஞ்சம் கணக்கு. 1 வோல்ட்டுக்கு 100 வாட் என்றால் 0.1 வோல்ட்டுக்கு 1 வாட். வீட்டு ஹாலில் நிம்மதியாகப் பாட்டு கேட்க அந்த 1 வாட்டே பெரும்பாலும் போதும். அதற்கு டேக்கின் வால்யூமை 26 டெசிபல் இறக்க வேண்டும். 6 டெசிபலுக்கு ஒரு பிட் (டிஜிட்டல் பாட்டின் நுணுக்கத்தை அளக்கும் அலகு) வீதம் நாலு பிட்டுக்கு மேல் போகிறதே என்று பயப்படுவார்கள். உள்ளே 32 பிட்டில் கணக்குப் போடும் டேக் என்றால் 16 பிட் சிடி பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வால்யூமை இறக்கினால் பாட்டுதான் இறங்கும். டேக்கின் சொந்த 'உஸ்' இரைச்சல் அப்படியே நின்று, ஆம்பில் (8 ஓம் ஸ்பீக்கர் என்றால்) 28 மடங்காகி வெளியே வரும். ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டு, பாட்டில்லாமல் உட்கார்ந்து கேளுங்கள். உட்காரும் இடத்தில் இரைச்சல் கேட்காவிட்டால் விட்டுவிடலாம்.

கேட்டால் இரண்டு ரெசிஸ்டர் போதும். ஆம்ப் பக்கத்து ஆர்சிஏ பிளக்கை (பாட்டு ஒயரின் முனையில் இருப்பது) திறந்து, டேக்கிலிருந்து வரும் நடு ஒயருக்கும் பிளக்கின் நடு ஊசிக்கும் இடையில் 6.8 கிலோ ஓம், அந்த ஊசியிலிருந்து கிரவுண்டுக்கு (பிளக்கின் வெளி வளையம்) 3.3 கிலோ ஓம், கால் வாட் மெட்டல் ஃபிலிம். ஆம்பின் இன்புட் 47 கிலோ ஓம் என்றால் சிக்னல் 10 டெசிபல் குறையும், இரைச்சலும் மூன்றில் ஒரு பங்காகும். டேக்கை முழுசாகத் திருப்பினாலும் ஆம்ப் 39 வாட்டுக்கு மேல் போகாது. 20 டெசிபல் குறைப்பான் ரெடிமேடாகவே கிடைக்கிறது. அதைப் போட்டால் 4 வாட்டோடு நின்றுவிடும், மேளம் விழும் இடத்தில் மூச்சு வாங்கும். என் ஓட்டு 10-க்குத்தான்.

இந்த ரெசிஸ்டரை நான் வற்புறுத்துவதற்கு வேறு காரணமும் உண்டு. சத்துவாச்சாரியில் ஒரு நண்பர் வீடு, மே மாத மத்தியானம். கரண்ட் போய் வந்தது. அவருடைய டேக் பழைய வால்யூமை மறந்துவிட்டு உச்சத்தில் விழித்துக்கொண்டது. அடுத்த நொடி நாதஸ்வரம். தூங்கிக்கொண்டிருந்த பாட்டி எழுந்துவிட்டார், ட்வீட்டர் (ஸ்பீக்கரில் கீச்சுச் சத்தத்தைத் தரும் பகுதி) எழவே இல்லை. நம் ஊர் வெயிலில் கரண்ட் போய் வருவது புதிதா என்ன? அதனால் ஆம்பை மாட்டும் முன்பே டேக்கின் பிளக்கைப் பிடுங்கிச் செருகி, வால்யூம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சில டேக்குகளில் 'ஃபிக்ஸட் அவுட்புட்' என்று ஒரு செட்டிங் இருக்கும். அதில் இருந்தால் வால்யூமே வேலை செய்யாது.

விண்டோஸ் வால்யூமை நம்பவே வேண்டாம். பிளேயரை 'எக்ஸ்க்ளூசிவ்' முறையில் வைத்தால் அது ஓரங்கட்டப்பட்டு, முழு சிக்னல் நேராகப் போய்விடலாம்.

அப்புறம் மல்டிமீட்டர், டேக்கிலிருந்து டிசி (ஒரே திசை மின்சாரம்) கசிகிறதா என்று பார்க்க. 200 மில்லிவோல்ட் டிசி ரேஞ்சில் வைத்து, பாட்டு ஓடாமல் டேக்கின் ஆர்சிஏ நடுவிலும் வளையத்திலும் தொடுங்கள். ஒன்றிரண்டு மில்லிவோல்ட் இருந்தால் சரி. 20 இருந்து, ஆம்பின் இன்புட்டில் டிசியைத் தடுக்கும் கெப்பாசிட்டரும் இல்லையென்றால், ரெசிஸ்டர் போடாதபோது ஸ்பீக்கர் முனையில் அரை வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கலாம். அந்த நிலையில் மாட்டாதீர்கள்.

டிவி, இசைத்தட்டு, ஃபோன் என்று நாலு இடத்திலிருந்து கேட்பவருக்கு ப்ரீஆம்ப் தேவைதான். கம்ப்யூட்டர் ஒன்றே என்றால் அந்தக் காசை ஸ்பீக்கருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போடும்போது டேக் முதலில், ஆம்ப் கடைசியில், அணைக்கும்போது தலைகீழ். பாட்டின் நடுவே கரண்ட் போனால் உடனே எழுந்து ஆம்ப் இரண்டின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே பிளக் போர்டில் செருகினால் 'ம்ம்ம்' என்ற ஹம் வரும் வாய்ப்பும் குறையும். முதல் நாள் மட்டும் நல்ல ஸ்பீக்கர் வேண்டாம், பரணில் கிடக்கும் பழைய ஜோடியை இறக்கி மாட்டிப் பாருங்கள்.