தோட்டத்துக்கு டிக்கெட் இருக்கிறது, அரண்மனைக்கு இல்லை

கேள்வி: மே மாதம் கணவர், பத்து வயது மகனோடு ஸ்பெயின் போகிறோம். கிரனாடாவில் ஒரே நாள்தான். அங்குள்ள பழைய சுல்தான்களின் கோட்டை-அரண்மனை வளாகமான அல்ஹம்ப்ராவில் தோட்டத்துக்கான டிக்கெட் மட்டுமே மிச்சம் என்கிறது வலைத்தளம். ஓர் ஏஜென்ட், "பணம் அனுப்புங்கள், பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். நம்பலாமா?
- வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். "பெயரை அப்புறம்" என்று எவர் சொன்னாலும் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். அல்ஹம்ப்ரா டிக்கெட்டை ஆள் பெயர், பாஸ்போர்ட் எண் போட்டுத்தான் தருகிறார்கள். வாசலில் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்வார்கள். வேறு யார் பெயரிலோ இருக்கும் காகிதத்தை மூன்று மடங்கு விலைக்கு வாங்கிப்போய் அந்த வாசலில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏஜென்ட்டின் போன் அன்றைக்கு அடிக்கவே அடிக்காது.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். அப்பா பெயரும் நம் பெயரும் ஒரே கட்டத்தில் கிடக்கும். ஸ்பெயின்காரர்களுக்கோ ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர். அவர்கள் படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. அதற்காக வெறும் இனிஷியலைப் போடாதீர்கள். அப்பா பெயரை முழுசாகக் குடும்பப் பெயர் இடத்தில் எழுதுங்கள். இரண்டு கட்டத்தையும் சேர்த்துப் படித்தால் பாஸ்போர்ட்டில் உள்ளது அப்படியே வர வேண்டும். எண்ணில் ஓர் இலக்கம்கூடத் தவறக் கூடாது. பழைய கட்டடம் பார்க்க இவ்வளவு கெடுபிடியா என்றால், ஆமாம், இவ்வளவு கெடுபிடிதான்! இத்தனைக்கும் அந்த ஏஜென்ட்டுகள் ஒழிந்தபாடில்லை.

சரி, தோட்ட டிக்கெட்டில் என்ன கிடைக்கும்? ஹெனராலிஃபே தோட்டம், அல்காசாபா கோட்டை, பார்த்தல் குளம். நீங்கள் படத்தில் பார்த்திருக்கும் 12 பளிங்குச் சிங்கங்கள் தாங்கும் நீரூற்று அதில் வராது. அது கிரனாடாவை ஆண்ட நஸ்ரித் வம்ச சுல்தான்களின் அரண்மனைக்குள் இருக்கிறது. ஆனால் தோட்டத்தைக் குறைவாக நினைக்காதீர்கள். தாரோ ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி மலைமேல் கொண்டுவந்த தண்ணீர், இரண்டு பக்கமும் பூச்செடிகள் இருக்க, நடுவில் நீளமாக ஓடும். அதன்மேல் வளைந்து விழும் நீர்த்தாரைகள் மட்டும் சுல்தான் காலத்தவை அல்ல, 19ஆம் நூற்றாண்டுச் சேர்க்கை.

இரவு கிரனாடாவில் தங்குவதாக இருந்தால் ஒரு வழி உண்டு. நஸ்ரித் அரண்மனைக்கு இரவுப் பார்வைக்கென்று தனி டிக்கெட் விற்கிறார்கள். எல்லா நாளும் கிடையாது, தேதியைப் பாருங்கள். பகலில் தோட்டம், இரவில் அரண்மனை என்று பிரித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அதிகாரபூர்வ வழிகாட்டியோடு போகும் குழுவில் சேருங்கள். அதிலும் உங்கள் பெயரை முன்கூட்டியே கேட்டால்தான் ஒழுங்கான ஆட்கள்.

அரண்மனை டிக்கெட் எப்படிக் கிடைத்தாலும் அதில் போட்டிருக்கும் அரைமணி நேரத்துக்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும். தோட்டத்துப் பக்கமுள்ள பிரதான வாசலிலிருந்து அங்கே போகவே கால் மணிக்கு மேல் நடக்கணும்.

மகனுக்கு 12 வயது ஆகாததால் காசு கிடையாது. ஆனாலும் அவன் பெயரிலும் டிக்கெட் போட்டாக வேண்டும். அதை மறந்துவிடாதீர்கள்.