மசிந்துபோன கிழங்கும் 18 வெள்ளிப் பற்றுச்சீட்டும்

கேள்வி: தோழி வீட்டில் சாப்பிட்டதாக மகள் ஆசைப்பட்டுக் கேட்டாள். மயோனைஸ் இல்லாமல், எண்ணெய், வினிகர், தழைகள் சேர்த்து வெதுவெதுப்பாகப் பரிமாறும் பிரெஞ்சு பாணி உருளைக்கிழங்கு சாலட். பேரங்காடியில் ரஸட் கிழங்கு, பார்ஸ்லி, டில் தழைகள் இரண்டு பொட்டலம், ஒரு புட்டி சாலட் டிரெஸ்ஸிங் வாங்கியதில் 18 வெள்ளி ஆயிற்று. கிழங்கோ கரைந்து மசியலாகிவிட்டது. என் கைப்பக்குவமா, வாங்கிய பொருளா?
– ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: கிழங்குதான். ரஸட் பொரிக்கவும் மசிக்கவும் ஏற்ற சாதி. மாவுச்சத்து மிகுதி என்பதால் வெந்ததும் பூத்து உதிரும். அதை வைத்துக்கொண்டு யார் செய்தாலும் இந்தக் கதிதான்.

சாலட்டுக்கு வெந்தபின்னும் கட்டுக்கோப்பாக நிற்கும் கிழங்கு வேண்டும். தேக்கா ஈரச்சந்தையில் ‘ஹாலந்து கிழங்கு’ என்று கேளுங்கள். மெல்லிய தோல், மஞ்சள் சதை. பெயரைக் கேட்டு ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். நான் திருப்பிப் பார்த்த பைகளில் சீனா என்றுதான் அச்சிட்டிருந்தது. கிழங்கு நன்றாகத்தான் இருந்தது. ஒளிபுகும் பையானால் அடிப்பக்கத்தையும் பாருங்கள். தோல் பச்சையாக இருந்தால் வெளிச்சம் பட்ட கிழங்கு. அதில் சோலனின் என்ற கசப்பு நஞ்சு கூடியிருக்கலாம், வேகவைத்தாலும் அது போகாது. நம் வெக்கையில் கிழங்கு சீக்கிரம் முளைவிடும் என்பதால் அரைக் கிலோவுக்கு மேல் வாங்கி அடுக்குவதிலும் பயனில்லை.

அந்த டிரெஸ்ஸிங் புட்டியைக் கொஞ்சம் திருப்புங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசைப்படுத்தித்தான் அச்சிடுவார்கள். தண்ணீரும் சர்க்கரையும் முதலில் நின்றால் நீங்கள் எதற்குக் காசு கொடுத்தீர்கள் என்பது விளங்கிவிடும். அந்தப் பணத்தை ஆலிவ் எண்ணெயில் போடுங்கள். ‘எக்ஸ்ட்ரா வெர்ஜின்’ என்றிருப்பதையே எடுங்கள். ‘எக்ஸ்ட்ரா லைட்’ என்பது கொழுப்புக் குறைந்தது என்று எண்ணி வாங்குகிறவர்கள் நிறையப் பேர். குறைந்தது மணமும் நிறமும்தான், கொழுப்பு அதேதான். வினிகருக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம், சாதாரண அரிசி வினிகரே போதும்.

பார்ஸ்லியும் டில்லும் சின்னப் பொட்டலத்தில் யானை விலை. 20 கிராம் 2 வெள்ளி 50 காசு என்றால் கிலோ 125 வெள்ளி, மீன் கடையில்கூட அந்த விலைக்கு வாயைப் பிளப்போம்! ஒன்றை மட்டும் வாங்கி, மீதிக்கு வெங்காயத்தாளும் கொத்தமல்லியும் நறுக்கிப் போடுங்கள். பிரெஞ்சுக்காரர் முகம் சுளிக்கலாம், உங்கள் மகள் சுளிக்கமாட்டாள்.

செய்முறையில் ஒரே ஒரு சூட்சுமம். அரைக் கிலோ கிழங்கைத் தோலோடு, உப்பிட்ட குளிர்ந்த நீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். கத்தி நுனி தடையின்றி இறங்கியதும் வடித்து, கை பொறுக்கிற சூட்டிலேயே வில்லைகளாக நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி வினிகரைத் தெளியுங்கள். சூடான கிழங்கு அதைச் சட்டென உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறிய கிழங்கில் ஊற்றினால் மேலேயே வழுக்கி நிற்கும். பிறகு மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் ஒரு தேக்கரண்டி டிஜான் கடுகு விழுது, உப்பு, மிளகுத்தூள் அடித்துக் கலந்து ஊற்றிப் புரட்டுங்கள். தழைகள் கடைசியில், பரிமாறும்போது.

மீந்த ரஸட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மசால் தோசைக்கு அதைவிடப் பொருத்தமான கிழங்கு கிடைக்காது.