பழைய நீராவிக் கப்பல் மாடல்: வந்த கேள்விகளும் பதிலும்

பாதி கப்பல்தான் இருக்கு, பின்னாடி முகம் பாக்குற கண்ணாடி. மீதி உடைஞ்சு போச்சா?

உடையல. செஞ்சதே அப்படித்தான், கண்ணாடில பிம்பம் விழுந்து முழுக் கப்பலா தெரியணும்னு. கண்ணாடில கறை இருந்தாலும் மாத்திடாதீங்க.

பேரு இல்லாத மாடல். எந்தக் கப்பல்?

நீளம் எழுதல, ஃபோட்டோவும் கலங்கலா இருக்கு, நான் எப்படிங்க சொல்றது? டேப் வச்சு அளங்க. நிறைய மாடல் அடிக்கு கால் இன்ச் கணக்குல செஞ்சது, அதாவது 48ல ஒரு பங்கு. ஆறே முக்கால் அடி இருந்தா நிஜக் கப்பல் 320 அடி சொச்சம், 1843ல பிரிஸ்டல்ல தண்ணில இறங்கின கிரேட் பிரிட்டன்ங்கிற கப்பல் அந்த சைஸ்தான். பக்கத்துல சக்கரமா, பின்னாடி தண்ணிக்குள்ள சுத்துற விசிறியா (ஸ்க்ரூ)ன்னும் எழுதுங்க.

ரெண்டு அடி கிரேட் ஈஸ்டர்ன், கப்பல் கட்டினவங்களே செஞ்ச மாடல்னு விக்கிறாங்க. வாங்கலாமா?

வேணாம். நிஜக் கப்பல் 690 அடி, கால் இன்ச் கணக்குல மாடலே 14 அடி வரும். இது அலங்காரப் பொருள்.

டெக்ல தங்க நிறச் சாமான் மங்கிடுச்சு, பாலிஷ் போடலாமா?

போடாதீங்க. பித்தளைமேல மெல்லிசா முலாம், தேச்சா முலாம் போயிடும், திரும்ப வராது.

நங்கூரம், படகுமேல எல்லாம் வெள்ளைப் பவுடர். வினிகர்ல துடைச்சேன், மறுபடி வருது.

அய்யோ, வினிகரா! அது பூஞ்சை இல்லீங்க, ஈயம் அரிச்சுப்போன பவுடர், அரிக்கிறதே அந்த வினிகர்ல இருக்குற அசிட்டிக் ஆசிட்தான். அது எங்கிருந்து வருதுன்னா பெட்டி மரத்துல இருந்து, ஓக் மரம்னா ரொம்ப மோசம், மரத்தூளை அழுத்திச் செய்யுற எம்.டி.எஃப் பலகையும் நல்லதில்ல. நூறு வருஷம் நல்லா இருந்த ஒரு சக்கரக் கப்பல் மாடலுக்கு புதுசா ஓக் பெட்டி செஞ்சு, காத்தே போகாம, வினிகர் வாடை அடிக்கிற சிலிகான் போட்டு அடைச்சாங்க, சில வருஷம் கழிச்சு நான் திறந்து பாத்தா குட்டி நங்கூரம் ரெண்டும் உப்பி வெடிச்சு நிக்குது, விரல் பட்டதும் மாவா உதிர்ந்துச்சு. இன்னைக்கும் அதை நெனைச்சா வயித்தெரிச்சல். பத்து தடவை எழுதிட்டேன், மறுபடி எழுதுறேன்: ஓக் வேணாம், இறுக்கி அடைக்க வேணாம், கண்ணாடியும் உலோகச் சட்டமும் போதும். உள்ள ஒரு தட்டுல ஆக்டிவேட்டட் கரி வச்சா ஆசிட் வாடையை இழுத்துக்கும். பவுடரை ஊதாதீங்க, ஈயம் விஷம், மாஸ்க்கும் கையுறையும் இல்லாம கிட்டவே போகாதீங்க, குழந்தைங்களையும் விடாதீங்க. உதிர்ந்த துண்டையெல்லாம் டப்பால போட்டு எடுத்து வைங்க, வேற செய்யணும்னா அதுதான் அளவு. மிச்ச வேலையை மியூசியப் பொருள் பாதுகாக்கத் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க.

பாய்மரக் கயிறு அறுந்திருக்கு, நைலான் கட்டலாமா?

கூடாது. அறுந்த நுனியை வெட்டாம அப்படியே விடுங்க.