ரயில் பயணமும் கொக்கிப்புழுவும்

வணக்கம் சார்,

நான் போத்தனூர்க்காரன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. மகள் நெதர்லாந்தில், ஐந்தோவனில் வேலை பார்க்கிறாள். வரும் மே மாதம் நானும் மனைவியும் அங்கே போகிறோம். மூன்று பேருமாக ரயிலிலேயே ஐரோப்பாவைச் சுற்றலாம் என்று திட்டம். எக்ஸெல் ஷீட் போட்டு வைத்திருக்கிறேன். 13 நாள், 8 நகரம்: ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், சூரிச், மிலான், வெனிஸ், வியன்னா, ப்ராக், பெர்லின். சூரிச்சிலிருந்து மிலானுக்குப் புதிய சுரங்கம் வழியாக மூன்றேகால் மணி நேரம்தான். வெனிஸிலிருந்து வியன்னாவுக்கு இரவு ரயில், ஒரு நாள் ஹோட்டல் வாடகை மிச்சம். யூரெயில் பாஸ் எடுப்பதா, தனித்தனி டிக்கெட் எடுப்பதா என்பதுதான் என் கேள்வி. விசாவுக்கு எந்த நாட்டுத் தூதரகம், சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி, ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

என் அப்பா ரயில்வேயில் கேங்மேன். ரயிலில் உட்கார்ந்து போனதைவிட தண்டவாளத்தில் நடந்ததுதான் அவருக்கு அதிகம். வருடா வருடம் பாஸ் கிடைக்கும், அவர் எங்கேயும் போனதில்லை. அவர் நினைவாகத்தான் விமானம் வேண்டாம், ரயில் என்று முடிவு செய்தேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் கொக்கிப்புழுவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வசிக்கும் உங்கள் இருவருக்கும் யூரெயில் பாஸ், ஐரோப்பாவின் பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டு. 60 வயது தாண்டியவர்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. மகள் ஐரோப்பாவில் வசிப்பதால் அவளுக்கு இண்டர்ரெயில், ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கான அதே மாதிரிப் பாஸ். இதற்குக் குடியுரிமை பார்ப்பதில்லை, வசிக்கும் இடம்தான் கணக்கு. பாஸ் கையில் இருந்தாலும் பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் அதிவேக ரயில்கள், இரவு ரயில்கள் எல்லாவற்றுக்கும் இருக்கை முன்பதிவுக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் பெரும்பாலும் ஏறி உட்கார வேண்டியதுதான். தேதி மாறாது என்றால் முன்கூட்டியே எடுக்கும் தனி டிக்கெட் மலிவு, ஆனால் அந்த ரயிலை விட்டால் டிக்கெட்டும் போச்சு. உங்கள் எக்ஸெல் ஷீட்டின்படியே போவதென்றால் தனி டிக்கெட் போதும். நான் கீழே சொல்வதைக் கேட்டு ஷீட்டை அழித்தால் பாஸ்.

விசாவுக்கு, எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாடு. எல்லாம் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. மிச்சத்தை ஏஜெண்டிடம் கேளுங்கள், எனக்கு அந்த ஃபாரங்களைப் பார்த்தாலே தலை வலிக்கும். சைவச் சாப்பாட்டுக்கு ஒரு குறையும் வராது. பெரிய ரயில் நிலையங்களுக்குள்ளேயே சூப்பர் மார்க்கெட் இருக்கும்; சுவிட்சர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கக் கடை அடைத்துவிடுவார்கள், ஸ்டேஷன் கடை மட்டும் திறந்திருக்கும். ரைஸ் குக்கரைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு, ஆனால் உங்கள் வீட்டம்மாவோடு சண்டை போட நான் தயாரில்லை. ஆளுக்கு ஒரு பெட்டி, அதுவும் நீங்களே தூக்கிப் படியேறும் அளவுக்கு. விமானத்தில் 23 கிலோ விடுகிறான் என்பதற்காக 23 கிலோவும் அடைக்காதீர்கள். அங்கே போர்ட்டர் கிடையாது, ரயில் மாற ஏழெட்டு நிமிடம்தான் கிடைக்கும்.

இனி திட்டு. 13 நாளில் 8 நகரம் என்றால் என்ன அர்த்தம் ஆர்.? ஓர் ஊருக்கு ஒன்றரை நாள். அதில் பெட்டி கட்ட, பிரிக்க, மதியம் வரை அறை தரமாட்டார்கள் என்பதால் ஹோட்டல் வாசலில் காத்துக் கிடக்க என்று அரை நாள் போய்விடும். பாரிஸில் ஆம்ஸ்டர்டாம் ரயில் வந்து நிற்பது கார் து நோர் நிலையத்தில், சூரிச் ரயில் கிளம்புவது கார் து லியோனில்; அந்த இரண்டுக்கும் நடுவில் மெட்ரோ படிக்கட்டுகளில் நீங்கள் மூவரும் பெட்டியோடு மல்லுக்கட்டுவதுதான் நீங்கள் பார்க்கப்போகிற பாரிஸ். எனக்குக் கோபம் வருவது அதனால்கூட இல்லை. அப்பா நினைவாக ரயில் என்று எழுதிவிட்டு, ரயிலில் இருக்கிற நேரத்தை எப்படிக் குறைக்கலாம் என்றே ஷீட் முழுக்கக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். மூன்றேகால் மணி நேரம்'தான்'. இரவில் தூங்கிக்கொண்டே போனால் ஹோட்டல் 'மிச்சம்'. அப்படியென்றால் விமானத்திலேயே போகலாமே?

அந்த சூரிச்–மிலான் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் புதிய சுரங்கம், கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கம், 57 கிலோமீட்டர். 2016இல் திறந்தார்கள். உலகத்திலேயே நீளமான ரயில் சுரங்கம், அதைத் தோண்டியதில் 9 பேர் உயிர் போயிருக்கிறது, பொறியியலில் மலைக்க வைக்கும் வேலை, எல்லாம் சரி. பயணிக்கு அதில் என்ன இருக்கிறது? இருபது நிமிடம் கறுத்த கண்ணாடியில் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு போவீர்கள். அதே மலையில், மேலே, 1882இல் திறந்த பழைய பாதை இன்றைக்கும் ஓடுகிறது. அதில் போனால் ஒரு மணி நேரம்போலக் கூடும், அவ்வளவுதான்.

வடக்கே எர்ஸ்ட்ஃபெல்ட் என்ற ஊரில் அந்தப் பாதை கடல் மட்டத்திலிருந்து 472 மீட்டரில் இருக்கிறது. பழைய சுரங்கத்தின் வாசலான கோஷெனன் 1,106 மீட்டரில். நடுவில் இருக்கிற குறுகலான பள்ளத்தாக்கில் ஒரு சாதாரண ரயில் அவ்வளவு உயரம் நேராக ஏற முடியாது. பல்சக்கரமும் கிடையாது. (உங்கள் பக்கத்து மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயிலுக்கு உண்டு. அதன் பழைய நீராவி எஞ்சின்கள் சூரிச்சுக்கு அருகே வின்டர்தூரில் செய்தவை, தெரியுமா?) அதனால் மலையைக் குடைந்து அதற்குள்ளேயே வளையம் வளையமாகத் தண்டவாளம் போட்டார்கள். வழியில் வாஸன் என்று ஒரு சின்ன ஊர், மேட்டின் மேல் வெள்ளையாக ஒரு தேவாலயம். முதல் தடவை அதை அண்ணாந்து பார்ப்பீர்கள். சுரங்கம், இருட்டு. வெளியே வந்தால் தேவாலயம் கண்ணுக்கு நேராக நிற்கும், ரயிலோ வந்த திசைக்கே திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். மறுபடி சுரங்கம். மூன்றாவது தடவை தேவாலயம் கீழே கிடக்கும், கூரை தெரியும். நான் போனபோது பெட்டியில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் ஏறியிருந்தது. டீச்சர் எதுவும் விளக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார், ஒன்று, இரண்டு. மூன்றாவது வருவதற்குள் பாதிப் பிள்ளைகள் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துவிட்டார்கள். நான்தான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

2023 ஆகஸ்டில் புதிய சுரங்கத்துக்குள் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டு, 2024 செப்டம்பர் வரை அதை முழுதாகத் திறக்க முடியவில்லை. அந்த ஒரு வருடம் பெரும்பாலான பயணிகளைச் சுமந்தது இந்தப் பழைய பாதைதான். ஒரு மணி நேரம் கூடுதல் என்று அங்கே எல்லோரும் புலம்பினார்கள். எனக்கு அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது.

இப்போது கொக்கிப்புழு. பழைய பாதையின் நடுவில் இருக்கும் 15 கிலோமீட்டர் சுரங்கத்தை 1872இல் தோண்டத் தொடங்கினார்கள். எட்டு வருடத்தில் முடிப்பதாக லூயி ஃபாவ்ர் என்ற ஒப்பந்தக்காரர் கையெழுத்துப் போட்டார், நாள் தவறினால் அபராதம். ஆகவே இரவு பகலாக வேலை. வேலையாட்களில் பெரும்பாலானவர்கள் வட இத்தாலியிலிருந்து வந்த ஏழைகள். உள்ளே 30 டிகிரிக்கு மேல் வெக்கை, டைனமைட் புகை, முழங்கால் வரை தண்ணீர், கழிப்பறை கிடையாது. 1875இல் புகையையும் கூலியையும் முன்வைத்து கோஷெனனில் வேலைநிறுத்தம் செய்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். அப்புறம் ஆட்கள் வெளிறிப்போக ஆரம்பித்தார்கள். நடக்கத் தெம்பில்லை, மூச்சு வாங்குகிறது, உதடு வெள்ளையாகிவிட்டது. காற்று சரியில்லை, சாப்பாடு சரியில்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். 1880இல் இத்தாலியின் டூரின் நகரத்தில் எடோர்டோ பெரொன்சிட்டோ என்ற ஆய்வாளர் ஊர் திரும்பிய தொழிலாளர்களின் மலத்தைச் சோதித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்: கொக்கிப்புழு. வெப்ப நாடுகளின் ஈர மண்ணில் வளர்ந்து மனிதக் குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கிற புழு, பனிமலையின் வயிற்றுக்குள் அதே சூடும் ஈரமும் கிடைத்ததும் அங்கே குடியேறிவிட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வெறுங்காலோடு நடந்த நம் ஆட்களின் ரத்தத்தைக் குடித்ததும் கொக்கிப்புழுதான். 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அங்கே போய் ஒழிப்பு வேலை தொடங்க வேண்டியிருந்தது. கோட்ஹார்டில் செத்தவர்கள் சுமார் 200 பேர் என்கிறார்கள். அது சுரங்கம் தோண்டும்போது செத்தவர்களின் கணக்கு. ஊருக்குப் போய் வெளிறிச் செத்தவர்களை யார் எண்ணினார்கள்?

ஃபாவ்ரும் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1879 ஜூலையில் சுரங்கத்துக்குள்ளேயே மாரடைத்து விழுந்து செத்தார். அடுத்த பிப்ரவரியில் இரண்டு பக்கத்துத் துளையும் சந்தித்தபோது, அந்த ஓட்டை வழியாக முதலில் மறுபக்கம் போனது ஒரு தகரப் பெட்டியில் வைத்த அவருடைய படம். இரண்டு துளைக்கும் இருந்த விலகல் பக்கவாட்டில் 33 சென்டிமீட்டர், உயரத்தில் 5. கம்ப்யூட்டர் இல்லாத காலம்!

தண்டவாளம் தானாக வந்து படுத்துக்கொள்வதில்லை என்று கேங்மேன் மகனுக்கு நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் தொட்டது அந்த ஒரு வரி. அப்பா ஏன் பாஸை உபயோகிக்கவில்லை என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கு ஊகிக்க முடிகிறது. ரயிலில் ஏறியிருந்தாலும் அவர் வயலையும் தென்னந்தோப்பையுமா பார்த்துக்கொண்டு போயிருப்பார்? பெட்டி எங்கே தூக்கிப் போடுகிறது, ஜல்லி எங்கே இறங்கியிருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே உடம்பு கணக்குப் போட்டிருக்கும். அப்படிப்பட்டவர் நினைவாகப் போகிறவர், ஆள் ஆளாக மலையைக் குடைந்து தண்டவாளம் போட்ட இடத்தைத் தாண்டும்போது அடிவாரத்தில் இருட்டுக்குள் புகுந்து ஓடினால் எப்படி?

புதிய சுரங்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரக்கு லாரிகள் மலைச்சாலையில் போகக்கூடாது, சரக்கெல்லாம் ரயிலுக்கு மாற வேண்டும் என்று 1994இல் சுவிஸ் மக்கள் வாக்களித்தே முடிவு செய்தார்கள். நல்ல முடிவு. சரக்கு சுரங்கத்தில் போகட்டும். நீங்கள் என்ன சிமென்ட் மூட்டையா?

வெனிஸ்–வியன்னாவுக்கும் இதே பேச்சுதான். பகல் ரயிலில் போனால் செம்மரிங் கணவாய் வழியாகப் போவீர்கள். கார்ல் கேகா என்ற பொறியாளர் கட்டி 1854இல் திறந்த மலைப்பாதை, கல் பாலங்கள் இரண்டடுக்காக நிற்கும். அதற்கும் அடியில் 27 கிலோமீட்டருக்குச் சுரங்கம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் சில வருடத்தில் ரயில்கள் அதற்குள் போய்விடும். இப்போது பார்க்காமல் பெர்த்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கப்போகிறீர்களா, ஓர் அறை வாடகைக்காக?

ஆகவே ப்ராக்கையும் பெர்லினையும் வெட்டுங்கள். பாரிஸையும் வெட்டலாம், மகள் பக்கத்தில்தான் இருக்கிறாள், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். மிச்சமாகும் நாட்களை ரயிலுக்குக் கொடுங்கள். சூரிச் நிலையத்தில் சீக்கிரமே போய் பிளாட்பாரக் கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஹன்ஸ் ஹில்ஃபிகர் என்ற ரயில்வே பொறியாளர் 1944இல் வடிவமைத்தது. அதன் சிவப்பு வினாடி முள், நுனியில் வட்டத் தகடு வைத்தது, சுமார் 58.5 வினாடியில் ஒரு சுற்றை முடித்துவிட்டு உச்சியில் நிற்கும். மையக் கடிகாரத்திலிருந்து சைகை வந்ததும் பெரிய முள் ஒரு நிமிடம் தாவும், அப்புறம்தான் சிவப்பு முள் மறுபடி கிளம்பும். கைக்கொடி பார்த்து வளர்ந்த உங்களுக்கு அந்தச் சிவப்புத் தகடு பிடிக்கும்.

அங்கிருந்து 'ட்ரெனோ கோட்டார்டோ' என்று பெயர் போட்ட ரயிலில் ஏறுங்கள், அதுதான் பழைய பாதையில் போவது. ஒரே ஜன்னலைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். சுரங்கம் தாண்டியதும் ஐரோலோவில் இறங்குங்கள். ஸ்டேஷன் பக்கத்திலேயே வின்சென்சோ வேலா என்ற சிற்பி செய்த வெண்கலப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது, 1932இல் அங்கே வைத்தார்கள். தொழிலாளர்கள் சிலர் தூக்குக் கட்டிலில் ஒருவனைச் சுமந்து வருகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு காபி குடித்தால் அடுத்த ரயில் வந்துவிடும். பெலின்சோனாவில் மிலான் ரயிலுக்கு மாறிக்கொள்ளுங்கள். எல்லை தாண்டும் அந்த ரயிலுக்குப் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதை மகளிடம் சொல்லி முதலிலேயே போட்டுவிடுங்கள்.