தமிழ் ஒலி, மலையாள ஒலி: கேட்டவையும் பதில்களும்

பள்ளியில் தந்நகரம், றன்னகரம் என்று பிரித்துச் சொன்னார்கள். காதுக்கு ந, ன இரண்டும் ஒன்றாகத்தானே கேட்கின்றன? எதற்கு இரண்டு எழுத்து?

எழுத்து உண்டானபோது ஒலி இரண்டாக இருந்தது. தொல்காப்பியம் ந-வைத் த பிறக்கும் இடத்திலும், ன-வை ற பிறக்கும் இடத்திலும் வைக்கிறது. 'பந்து' என்று மெதுவாகச் சொல்லுங்கள். நாக்கு பல்லைத் தொடும். 'மனம்' சொன்னால் பல்லுக்கு மேலே ஈற்றைத் தொடும். 'நாள்' சொல்லும்போதும் நம்மில் பெரும்பாலோர் நாக்கு ஈற்றுக்கே போய்விடுகிறது.

மலையாளத்தில் இந்த வேறுபாடு இன்றும் உயிரோடு இருக்கிறது. 'வந்நு' (வந்தது) பல்லில் பிறக்கிறது, 'ஒன்னு' (ஒன்று) ஈற்றில் பிறக்கிறது. ஆனால் அவர்கள் இரண்டுக்கும் எழுதுவது ஒரே எழுத்து. நம்மிடம் எழுத்து இரண்டு, ஒலி ஒன்று. அவர்களிடம் ஒலி இரண்டு, எழுத்து ஒன்று. இரு மொழிகளையும் அருகருகே வைத்துக் கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

ற்ற வரும் சொற்களை மலையாளிகள் 'ட்ட' போலச் சொல்கிறார்களே, அது பிழையா?

பிழையே இல்லை. பழைய ஒலிப்பு அதுதான். க ச ட த ப ற என்று ற-வை வல்லினத்தில் சேர்த்திருக்கிறோமே, ஏன்? நாக்கு காற்றை முழுதாக அடைத்து விடுகிற ஒலியாக இருந்ததால்தான். வெறும் ரகர ஒலியாக இருந்திருந்தால் இடையினத்தில் ர-வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

பத்தி, பற்றி, பட்டி மூன்றையும் ஒரு மலையாளியிடம் சொல்லச் சொல்லுங்கள். பாம்பின் படம், 'குறித்து', நாய் என்று மூன்று பொருள். நாக்கு பல், ஈறு, அண்ணம் என்று படிப்படியாகப் பின்னே போகும். நாம் மேடையில் 'காட்ரு' என்கிறோம், வீட்டில் 'காத்து' என்கிறோம். நடுவில் இருந்த ஒலி நழுவிவிட்டது. யாழ்ப்பாணத்தார் பேச்சில் அது இன்னும் கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

மாங்காய் எப்படி 'மாங்ங' ஆனது?

மெல்லினம் தனக்கு அடுத்த வல்லினத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. மஞ்சள் 'மஞ்ஞள்' ஆனதும், வந்து 'வந்நு' ஆனதும் அப்படித்தான். ஆனால் எல்லா இடத்திலும் நடக்கவில்லை: 'கண்டு', 'அம்பு' அப்படியே நிற்கின்றன. நம் பேச்சிலும் ஒன்று 'ஒண்ணு' ஆகியிருக்கிறதே, அதுவும் இதே இழுப்புத்தான்.

அப்படியானால் மலையாளம் மூக்கால் பேசும் மொழி என்பது சரிதானே?

மெல்லின மெய்கள் இரட்டித்து வருவதால் அப்படித் தோன்றுகிறது. உயிரொலியை மூக்கில் விடுவது நாம்தான். பேச்சில் 'மரம்' சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு மூடாது, மகரம் கரைந்து உயிர் மூக்கில் ஏறும். மலையாளி அந்த மகரத்துக்கு உதட்டை மூடுகிறார்.

ழ யாருக்கு நன்றாக வருகிறது?

இரு பக்கமும் வருகிறவர்களுக்கு வருகிறது. இங்கே பலர் ள ஆக்குகிறார்கள், வடகேரளத்தில் சிலர் ய ஆக்குகிறார்கள்.

குற்றியலுகரம் மலையாளத்தில் உண்டா?

உண்டு, நம்மைவிட அதிக வேலையும் செய்கிறது. 'வந்நு' என்பதை உதடு குவித்து முழு உகரமாக முடித்தால் 'வந்தது' என்று பொருள், குவிக்காமல் குறுக்கி முடித்தால் 'வந்து' என்ற எச்சம். ஓர் உகரத்தின் அளவில் முற்றும் எச்சமும் பிரிகின்றன! குறுகிய உகரத்தைக் காட்ட மேலே சந்திரக்கலை என்ற பிறைக்குறி இடுகிறார்கள். நாம் பாட்டு, காசு என்று எழுத்தில் முழு உகரம் போட்டு, வாயில் குறுக்கிக்கொள்கிறோம்.

மலையாளம் கற்கத் தொடங்கியிருக்கிறேன். காதை எதில் பழக்குவது?

ர, ற-வில். 'கர' என்றால் கரை, 'கற' என்றால் கறை. தமிழில் எழுத்துப் பார்த்துப் பிரிக்கிற இந்த இணையை அங்கே காதால் பிரித்தாக வேண்டும். ஒருவரைச் சொல்லச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்லிப் பாருங்கள்.